கிணற்றில் தைல வாசனை

எழுதிப் பழக்கமில்லாத ஒருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் என் பெயரைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கும். ரசாயனத்தைப் பற்றிச் சொல்ல அதைப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் வேலையிலிருந்து நின்றுகொண்டபோது, பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்கள், "மிஷின் வர்றதுக்கு முன்னாடி எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்று விடாமல் கேட்டார்கள்.

அவர்கள் சொல்லும் மிஷின் மேசை மேல் பெட்டி போல இருக்கிறது. ஒரு சொட்டை வைத்தால் தாளில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டு, உள்ளே இருப்பது என்ன வகை என்று காட்டிவிடும். நல்ல மிஷின்தான். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கு மூக்கு இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நிம்மதியாகக்கூட இருக்கிறது.

எங்கள் கூடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு லேத் பட்டறைக்கும் அட்டைப்பெட்டி கம்பெனிக்கும் நடுவில் இருந்தது. இரண்டே அறை. சுற்றியிருந்த பெயிண்ட், சாயம், மருந்து கம்பெனிகளில் லேபிள் கிழிந்த டிரம்மோ, சந்தேகமான சரக்கோ இருந்தால், அதிலிருந்து கொஞ்சம் பாட்டிலில் ஊற்றி அனுப்புவார்கள். இது என்ன என்று நாங்கள் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வந்துபோவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவதற்காகச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்கக் கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கெமிஸ்ட்டாக இருந்தவர் சபாபதி சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மெலிந்த, உயரமான மனிதர். அவருக்கு வாசனை தெரியாது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏதோ பாட்டில் உடைந்து மூக்கு போய்விட்டதாக அட்டைப்பெட்டி கம்பெனியில் சொல்வார்கள். அவர் சொன்னதில்லை. புதிதாக ஒரு பொருள் வந்தால் முதலில் நிறம், அப்புறம் வாசனை, அப்புறம் தண்ணீரில் கரைகிறதா என்று பார்ப்பது முறை. வாசனை என்ற இடத்தில் மட்டும் அவர் தடுமாறுவார். ஒருநாள் நான் குழாய் கழுவிக்கொண்டிருந்தபோது, "எம்மா லோகா, இங்க வா. இது என்ன மணக்கு?" என்று ஒரு பாட்டிலை நீட்டினார்.

நான் நேராக மூக்கை வைக்கப் போனேன்.

"உள்ள மூக்க விடாத. இருக்கிற ஒரு மூக்கும் போயிரும். கையால விசிறு. அது உன்கிட்ட வரட்டும்."

விசிறினேன். "வாழைப்பழம் சார். கனிஞ்சு கறுத்துப்போனது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எப்போதோ தின்ற பழத்தை நினைத்துப் பார்ப்பது போல இருந்தது முகம். அன்றிலிருந்து வாசனைக்கு நான்தான். நகப்பூச்சு, பாச்சை உருண்டை, ஈர நாய் என்று எனக்குத் தெரிந்த பெயரைச் சொல்வேன். அவர் அதற்குள்ள முறையான பெயரை எழுதிக்கொள்வார். சில நாள் மதியம் அவர் டிபன் பாக்ஸையும் நீட்டுவார். "சாம்பார் கெட்டுப்போச்சான்னு பாரு. வீட்டுல கேட்டா சண்டை வரும்."

அவர் அடிக்கடி சொல்லும் பங்ஷனல் குரூப் என்றால் என்ன என்று ஒருமுறை அவராகவே சொன்னார்.

"இருட்டு ரூம்ல ஒருத்தர் நிக்காருன்னு வச்சுக்கோ. பேரு சொல்லமாட்டாரு. மூஞ்சியும் தெரியாது. நாம வாசல்ல நின்னு ஒவ்வொரு சாமானா உள்ள நீட்டுதோம். எதைப் பிடிக்காரு, எதை விட்டுருதாரு. அதை வச்சு ஆரு வந்திருக்கான்னு சொல்லணும். பிடிக்கிற கை இருக்கும்லா, அதுதான் குரூப்பு."

அதற்கப்புறம் குழாயில் சொட்டு விடும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஏதோ கை நீட்டி வாங்கிக்கொள்வதாக எனக்குத் தோன்றும். கடைசிவரை அது போகவில்லை.

சோடா உப்புக் கரைசலில் விட்டதும் சுர்ரென்று நுரைத்தால் அமிலம். ஒரு மஞ்சள் திரவத்தில் விட்டு ஆரஞ்சு நிறத்தில் கசடு இறங்கினால் வேறொரு வகை. பெரிக் குளோரைடு என்று தேநீர் நிறத்தில் ஒரு இரும்பு உப்புக் கரைசல் இருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டதும் ஊதா எழுந்தால் பினால் வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். அதோடு இன்னொரு குழாயும் உண்டு. அதில் வெறும் சுத்தத் தண்ணீரை எடுத்து, மற்றதற்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ய வேண்டும். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் வரவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் சார் அடுத்த குழாயைத் தொடுவார். அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அந்த வெற்றுக் குழாயை விடமாட்டார்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. சோதனைக்கு வந்த பொருளை மரியாதை கொடுத்துத்தான் பேசுவார். "இவர் யாருன்னு பாப்போம்", "இவர் அமிலம் இல்ல", "இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு" என்பார். மூன்று சோதனை ஒத்துவரும்வரை எதற்கும் "இருக்கலாம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு சோதனையைத் தனியாகச் செய்ய எனக்குப் பயம். வெள்ளி உப்பைக் கலந்து வெந்நீரில் குழாயை நிறுத்துவோம். ஆல்டிஹைடு என்ற வகை இருந்தால் கொஞ்ச நேரத்தில் குழாயின் உட்பக்கம் கண்ணாடி போலப் பளபளவென்று வெள்ளி படியும். முதல்முறை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவாக இருந்த குழாயில் அடியிலிருந்து ஒரு பளபளப்பு ஏறியது. அதில் என் கண் தெரிந்தது. கண்ணுக்குப் பின்னால் கோணலாக நீண்ட ஒரு ஆள். திரும்பினால் சார் நின்றிருந்தார். "வந்துட்டாரா?" என்று குழாயில் இருப்பதைப் பற்றித்தான் கேட்டார்.

இனி சொல்லப்போவதைத்தான் அந்தப் பெண்களுக்காக எழுத நினைத்தேன்.

எண்பதுகளின் கடைசி. ஐப்பசி மழை நின்று வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலை. ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் எவர்சில்வர் தூக்குமாக வாசலில் நின்றாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பெயர் செல்வி என்றாள். வீடு சென்னீர்குப்பத்தில், பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே. புருஷன் ஏகாம்பரம் எஸ்டேட்டில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். எங்கள் பக்கத்து அட்டைப்பெட்டி கம்பெனிக்கு வரும்போது எங்கள் போர்டைப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"இங்கதான் தண்ணில இன்னா கீதுன்னு பாப்பாங்களா?"

"என்ன தண்ணிம்மா?" என்றார் சார்.

"எங்கூட்டுக் கெணத்துத் தண்ணி. இதுல எங்க மாமியா கீறாங்கன்னு எங்கூட்டுக்காரு சொல்றாரு. இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். அத்தக் காட்னாதான் அடங்குவாரு."

சார் சிரிக்கவில்லை. "எப்ப தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஆடில."

அவர் தூக்கை என் பக்கம் நகர்த்தினார். மூடியைத் திறந்து விசிறினேன். விசிறவே தேவையிருக்கவில்லை.

"தைலம் சார். முட்டிவலிக்குப் பூசுற தைலம்."

செல்வி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அது அவுங்க வாசனதான்" என்றாள்.

அப்புறம்தான் முழுக்கச் சொன்னாள். மாமியார் அஞ்சலைக்குக் கடைசி ஆறேழு மாதம் நடக்க முடியவில்லை. கிணற்றடியை ஒட்டிய பின்கட்டு அறையில் படுத்திருந்தார். எப்போதும் அவர் மேல் தைல வாசனை. கிட்டப் போனால் பேச்சிலும் மூச்சிலும் அதே வாசனை. அவர் போன பிறகு அறையைக் கழுவிவிட்டார்கள். துணிகளைக் கொடுத்துவிட்டார்கள். வாசனை போய்விட்டது. மழை பிடித்த பிறகு ஒருநாள் ஏகாம்பரம் கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டபோது அம்மாவின் வாசனை வந்திருக்கிறது. பழைய இரும்பு வாளி. அதில் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வைத்தால் கத்திரிக்காய்த் தோல் நிறத்துக்கு மாறுகிறதாம்.

"அவுங்களுக்குப் புடிச்ச பொடவ அந்தக் கலருதான். அது போதும்னு ஆயிட்ச்சு அவுருக்கு. அத்தயே குடிச்சிகினு கீறாரு. குடிச்சா அம்மா கூப்புட்றது காதுல கேக்குதாம். வலது காதுல. 'ஏகா, ஏகா'ன்னு."

"நீ குடிக்கியா?" என்றார் சார்.

"அய்ய, நான் தெரு முனை பம்புல புட்ச்சிகினு வந்துதான் குடிப்பேன். அது உப்புக் கெணறு சார். பாத்திரம் கழுவத்தான் வெச்சிருந்தோம்." குரலைத் தாழ்த்தினாள். "இவனுக்குக் குடுக்கறாரு. நான் வேலைக்குப் போன அப்பால பாலாடைல ஊத்தி ஊத்திக் குடுக்கறாரு. 'ஆயா குடுக்குது, குடிறா'ன்றாரு. சண்ட போட்டேன். எங்கம்மாவ உயிரோட இருக்க சொல்லோதான் நீ தள்ளி வெச்ச, இப்பவுமான்னு கேக்கறாரு. இன்னா சொல்றது அதுக்கு?"

நான் குழந்தையைப் பார்த்தேன். அழவில்லை, விளையாடவில்லை. ஓடிவந்த நாய்க்குட்டியைப் போல அதன் வயிறு வேக வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியாம்மா?"

"காட்னேன். சளின்னு சிரப்பு எழுதிக் குட்த்தாரு."

"திரும்பக் காட்டு. இந்தத் தண்ணியைச் சொல்லிக் காட்டு. அதுவரைக்கும் பிள்ளைய வீட்டுல விட்டுட்டுப் போகாத. நாளைக்கு அந்த வாளியையும் இன்னும் கொஞ்சம் தண்ணியையும் கொண்டா" என்றார் சார். அன்று அவர் யார் பணம் தருவார்கள் என்று கேட்கவில்லை. வேறு கம்பெனியின் பாட்டில்களை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

அந்தச் சோதனையை ஒவ்வொரு கட்டமாக எழுதுகிறேன். பெண்கள் கேட்டது இதைத்தான்.

தண்ணீரில் கரைந்திருப்பது கொஞ்சமாக இருந்தால் அதைத் தனியே பிரிக்க வேண்டும். ஈதர் என்ற, சீக்கிரம் பறந்துவிடும் திரவத்தோடு சேர்த்துக் குலுக்கி வைத்தால் உள்ளே இருப்பது தண்ணீரை விட்டு ஈதருக்கு ஏறிவிடும். மேலே நிற்கும் ஈதரை மட்டும் ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து, நெருப்பே இல்லாத இடத்தில் ஆறவிட்டோம். ஈதர் பறந்தபின் தட்டில் எண்ணெய்போலச் சில துளிகள் மிஞ்சின. அறை முழுக்கத் தைலம் மணத்தது. சார் அதன் நடுவில் ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டு, "இருக்கா? இருக்கா?" என்று என்னைக் கேட்டபடி இருந்தார். பக்கத்து அறையில் யாரோ படுத்திருப்பது போல எனக்கு இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. யாரும் இல்லை என்பதும் தெரிந்தது. இருந்தும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒரு துளியைக் கரண்டியில் எரித்தோம். கரும்புகையோடு எரிந்தது. சோடா உப்பில் ஒரு துளி விட்டோம். நுரைக்கவில்லை. "இவர் அமிலம் இல்ல" என்றார். அப்புறம் பெரிக் குளோரைடு. வெற்றுக் குழாயில் முதலில் விட்டேன். தேநீர் நிறம் அப்படியே நின்றது. அடுத்த குழாயில் விட்டதும், சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதா விரிந்தது. சேலைத் தலைப்பு தண்ணீரில் விழுந்து பரவினால் எப்படி இருக்கும், அப்படி. மேசையில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் குழாயைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார் சார். வாளி ஏன் ஊதா ஆகிறது என்பதும் அப்போது தெரிந்தது. வாளியின் துரு செய்வதையும் இந்தச் சொட்டு செய்வதையும் பார்த்தால் இரண்டும் ஒரே காரியம்தான். இரும்புதான் அதன் கையைப் பிடித்து இழுக்கிறது.

கடைசியாகக் காரத்தையும் இளஞ்சிவப்பு காட்டும் சாயத்தையும் சேர்த்து வெந்நீரில் நிறுத்தினோம். எஸ்டர் என்ற வகை இருந்தால் அது காரத்தைத் தின்றுவிடும். இளஞ்சிவப்பு வெளுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. வெளுத்த குழாயில் அமிலம் விட்டுக் குளிரவைத்தபோது ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம் இறங்கியது.

"கை ரெண்டும் தெரிஞ்சிட்டு" என்றார் சார். "ஒண்ணு பினாலு. ஒண்ணு எஸ்டரு. தைலத்துக்கு ஊத்துற எண்ணெயா இருக்கலாம்."

இத்தனைக்குப் பிறகும் இருக்கலாம்தான். ஏனென்றால் இன்னொரு கட்டம் பாக்கி. சந்தேகப்படும் பொருளின் நிஜ மாதிரி ஒன்றை வாங்கி, பக்கத்தில் வைத்து, அதே சோதனைகளை இரண்டுக்கும் செய்து, இரண்டும் ஒன்றாகவே நடந்துகொண்டால்தான் பெயர் எழுதலாம். அது பரிசோதனைக் கூடத்துச் சட்டம். அதில் சார் யோசிக்கவே இல்லை. மறுநாள் செல்வி வாளியோடு வந்தபோது, "உங்க மாமியார் பூசின தைல பாட்டில் இருக்கா? இருந்தா எடுத்துக்கிட்டு, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. பேப்பரைக் காட்டினா நம்பமாட்டாரு. கண்ணால பாக்கட்டும்" என்றார். செல்வி போன பிறகு அலமாரியிலிருந்து தடித்த மருந்துப் புத்தகம் ஒன்றை எடுத்து, நின்றபடியே ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

அடுத்த நாள் மத்தியானம் இரண்டு பேரும் வந்தார்கள். ஏகாம்பரம் என் மனதில் இருந்ததுபோல் இல்லை. சிரித்த முகம். லோடு ஏற்றுகிற தோள். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் கொஞ்சம் மூச்சு வாங்கினார். இடையில் சட்டென்று நிறுத்தி, வலது பக்கமாகத் தலையைச் சாய்ப்பார். யாரோ கூப்பிட்டதற்குப் பதில் சொல்லப் போகிறவர் போல இருக்கும். பிறகு எங்களைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார்.

"சார், இவ உங்களாண்ட இன்னா இன்னா சொன்னாளோ. நான் பைத்தியம் கெடயாது. நல்லா வேலைக்குப் போய்கினு கீறேன்."

"யாரும் அப்படிச் சொல்லலப்பா. உக்காரு."

செல்வி முந்தானையிலிருந்து சின்னத் தைல பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பிளேடால் அதைக் கீறி எடுத்து வெள்ளை ஓட்டின் ஓரத்தில் வைத்தேன். சார் மூன்று குழாய்களை நிறுத்தினார். முதலில் சுத்தத் தண்ணீர். நடுவில் பாட்டில் தைலம். கடைசியில் கிணற்றிலிருந்து எடுத்த துளி.

முதல் குழாயில் சொட்டு விட்டேன். ஒன்றுமில்லை.

"இதுல அம்மா இல்லியா சார்?" என்று ஏகாம்பரம் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை.

"இதுல யாருமே இல்ல."

நடுக் குழாயில் ஊதா எழுந்தது. கடைசிக் குழாயில் அதே ஊதா. சார் இரண்டையும் வெளிச்சத்துக்கு எதிரே சேர்த்துப் பிடித்தார். ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. பழக்கதோஷத்தில் சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. ஏகாம்பரம் எழுந்து நின்றுவிட்டார். முகம் முழுக்கக் கண்ணீர்.

"பாத்தியாடி? பட்ச்சவங்க, மருந்து ஊத்திப் பாத்து சொல்றாங்க. அம்மா பூசின தைலமும் கெணத்துல கீறதும் ஒண்ணுன்னு. நான் இன்னா சொன்னேன்? அம்மாதான். அம்மாதான் வந்துகினு கீது."

"ஏம்ப்பா, நான் சொன்னது அது இல்ல. இது ஒரு எண்ணெய். உன் வீட்டுக்குப் பக்கத்துல கம்பெனி ஏதும் இருந்துதா?"

"பின்னால ஒரு செட்டு இருந்துச்சி. போர்டு கீர்டு ஒண்ணும் கெடயாது. அவுனுங்க காலி பண்ணிகினு போயி ரெண்டு வருசம் ஆவுது. ட்ரம்மு ரெண்டு மூணு மண்ணுல பொதச்சிட்டுப் போய்ட்டானுங்க. அம்மா இருக்க சொல்லோவே அவுனுங்க கெடயாது சார். செட்டு காலியா கீதுன்னா வாசன எங்கேர்ந்து வரும்?" மூச்சு வாங்கினார். "சரி சார், ரொம்ப நன்றி. வாடி, புள்ளய எட்த்துக்கோ. இனிமே புள்ளைக்குக் குடுக்காதன்னு சொல்ல மாட்ட இல்ல?"

சார் வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் அந்த இரண்டு குழாய்களும் அவர் கையிலேயே இருந்தன.

செல்வி எழுந்திருக்கவில்லை. அவள் வெள்ளை ஓட்டின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், இந்த பாட்டில எப்போ வாங்கினு வந்த?"

"இன்னா? அம்மா இருக்க சொல்லோ வாங்கினு வந்தேன். வாசன வந்துகினே இருந்துச்சி. பழைய பாட்டிலு தீந்துடுமேன்னு இன்னொண்ணு வாங்கியாந்தேன்."

"அக்கா இப்போதான் சீல ஒட்ச்சாங்க." சிவப்புக் காகிதத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "பூசல. உங்கம்மா இத்தத் தொறக்கவே இல்ல."

"பழைய பாட்டில்லேர்ந்து பூசியிருக்கும்."

"எந்தப் பழைய பாட்டிலு? அவுங்க பொட்டி, துணி, எல்லாம் நாந்தான் எட்த்து வெச்சேன். ஒரு காலி பாட்டிலு இல்ல. நீ பாத்தியா? உங்கம்மா தைலம் பூசி ஒரு தபா, ஒரே ஒரு தபா, பாத்தியா?"

ஏகாம்பரம் யோசித்தார். அவர் நினைவில் தேடுவது எங்களுக்குத் தெரிந்தது. தோள் இறங்கியது. அம்மாவின் கை, அம்மாவின் முட்டி, எதிலும் பாட்டில் இல்லை. வாசனை மட்டும்தான் இருந்தது.

"அம்மா எந்தத் தண்ணி குடிச்சாங்க?" என்று சார் மெதுவாகக் கேட்டார்.

செல்விதான் சொன்னாள். "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போய்டுவோம். பம்புத் தண்ணி பத்தாது. கையெட்ற தூரத்துல கெணறு, உக்காந்தே நகந்து போயி மொண்டுக்குவாங்க. 'உப்புதான், ஆனா வாசனையா கீதுடி'ன்னு அதுதான் குடிப்பாங்க."

புதைத்த டிரம்கள் கசிந்த ஒரே தண்ணீர்தான். அம்மா இருந்தபோதும் அதில் அந்த வாசனை இருந்திருக்கிறது. அவர் போன பிறகு, தண்ணீர் வற்றியபோது கிணற்றின் அடியில் தங்கியிருக்கிறது. மழை வந்ததும் ஏறியிருக்கிறது. கிணற்றில் வந்தது அம்மாவின் வாசனை என்று மகன் நினைத்தார். அம்மாவின் மேல் வந்ததுதான் கிணற்றின் வாசனை. நாங்கள் நாலு பேரும் அந்த ஊதாக் குழாய்களையே பார்த்தோம். பின்கட்டிலிருந்து நகர்ந்து வந்து, கிணற்றிலிருந்து மொண்டு மொண்டு குடித்த அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. பார்த்ததுபோல் இருந்தது.

"கடைசில காதுல ஏதும் கேக்குன்னு சொன்னாங்களா?" என்றார் சார். "மணி அடிக்கிற மாதிரி? மூச்சு வாங்குச்சா?"

ஏகாம்பரம் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க நைனா கூப்புட்றாருன்னு சொல்லும்" என்றார். "செத்துப்போன எங்க தாத்தா. காதுல வந்து கூப்புட்றாருன்னு சொல்லிகினே கெடந்துச்சி. சாவு நெருங்கிட்ச்சின்னு நாங்க நெனச்சோம்."

சார் மருந்துப் புத்தகத்தில் படித்ததை அப்போது சொன்னார். இந்த எண்ணெய் உடம்பில் சேரச் சேரக் காதுக்குள் ஓசை கேட்கும். மூச்சு வேகமாகும். சின்னக் குழந்தைக்குச் சீக்கிரமே ஆபத்தாகிவிடும். "உனக்கும் கேக்குல்லா? பிள்ளைக்குக் கேக்குதா இல்லையான்னு அவனால சொல்ல முடியாதுப்பா."

ஏகாம்பரம் செல்வியின் மடியில் இருந்த குழந்தையின் வயிற்றில் கையை வைத்தார். அந்தப் பெரிய கை வேகமாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். சார் சோதித்ததை ஒரு தாளில் எழுதி, டாக்டரிடம் கொடுக்கச் சொல்லிச் செல்வியிடம் தந்தார். அன்று அதில் "இருக்கலாம்" என்று எழுதவில்லை. அவர்கள் ஆட்டோ பிடித்து எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாளி எங்களிடமே நின்றுவிட்டது.

மறுநாள் மத்தியானம் செல்வி வந்து சொல்லிவிட்டுப் போனாள். குழந்தையைச் சேர்த்துக்கொண்டார்கள், குளுக்கோஸ் பாட்டில் ஏறுகிறது, மூச்சு நிதானப்பட்டிருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்று சொன்னார்களாம். கிணற்றின் மேல் தகரம் போட்டுக் கல் வைத்தாயிற்று. ஏகாம்பரத்தையும் டாக்டர் பார்த்தார். காதில் கேட்பது எப்போது நிற்கும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. தண்ணீரைக் குடிக்காமல் இருந்தால் சில நாளில் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போதிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் இடது காதைக் கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

"இன்னாய்யா பண்றன்னு கேட்டேங்க்கா. அம்மா கூப்புட்றது நிக்கறதுக்குள்ள கேட்டுக்கறேன்றாரு."

வாளியை அவள் எடுத்துப்போகவில்லை. நான் மூன்று குழாய்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.